கெங் ஆன்ட்டியின் வலக்கை

காசை இடக்கையால் வாங்குவார், காப்பியை இடக்கையால் வாங்குவார், முட்டையைக்கூட இடக்கையால்தான் உடைப்பார். வலக்கை இரும்புச் சட்டுவத்தை விட்டு நகராது. வேலை மும்முரம் என்று வரிசையில் நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விரலை விரித்தால் மறுபடி மூட முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அது. ஆன்ட்டி யாரிடமும் சொல்லவில்லை.

ஜெலுத்தோங் வட்டாரத்துக் காப்பிக்கடை வாசலில் முப்பத்திரண்டு வருடமாக சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் வறுக்கிறார். ஒரு தட்டுக்கு மேல் சேர்த்து வறுக்க மாட்டார். நூறு பேர் நின்றாலும் நூறு தடவைதான். சூட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. வாணலியில் பன்றிக்கொழுப்பு சடசடப்பதைக் காதால் கேட்டுத்தான் நூடுல்ஸைப் போடுவார். கை முழுக்கத் தீக்காயத் தழும்பு. அதெல்லாம் அவருக்குக் கொசுக்கடி.

"என்னக்கா, சட்டுவத்த கையோட ஒட்ட வச்சுட்டாங்களா?" என்று காப்பிக்கடை ஆ தியாம் ஒருநாள் சீண்டினான். வம்புக்கு, கோப்பையை வலப்பக்கமாக நீட்டினான். வலக்கையால் வாங்கிய வேகத்தில் அது நழுவி விழுந்து உடைந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

முழங்கையில் தசைநாண் நைந்திருக்கிறது என்றார் டாக்டர் ரோஹானா. உங்கள் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரை நைந்த இடத்தில் ஊசியால் ஏற்றலாம். சிலருக்குக் குணமாகிறது, சிலருக்கு இல்லை என்றும் சொன்னார். ஆன்ட்டியின் காதில் விழுந்தது 'இல்லை' மட்டும்தான். கை போனால் பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அங்கே உட்கார்ந்து என்ன செய்வது?

நம் ரத்தம்தான் மருந்து என்றால் அதைத் தேற்ற வேண்டாமா? ஊசி போடும் நாள் காலையில், பிள்ளை பெற்றவளுக்கு வைப்பதுபோல ஈரல் சூப் வைத்து, மேலே இரண்டு கரண்டி கொழுப்பும் விட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

ரத்தத்தைச் சுழற்றிய இயந்திரம் நின்றது. குழாயில் மேலே நின்ற நீர் மஞ்சளாக இல்லை, வெள்ளையாகக் கலங்கியிருந்தது. தினமும் காய்ச்சித் தகர டப்பாவில் ஆறவைக்கும் கொழுப்பின் நிறம் அவருக்குத் தெரியாதா?

"இத்தன வருஷம் காய்ச்சினது உள்ள எறங்கிருச்சு. வேற ஏதோ வியாதி. மறைக்காம சொல்லிருங்க டாக்டர்."

"காலையில என்ன சாப்ட்டீங்க ஆன்ட்டி?"

முக்காடு போட்ட டாக்டரிடம் பன்றி ஈரல் என்று எப்படிச் சொல்வது? "சூப்பு" என்றார். என்ன சூப்பு என்றதும் தரையைப் பார்த்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

"வியாதியெல்லாம் இல்ல. நீங்க சாப்ட்ட கொழுப்புதான் ரத்தத்துல மெதக்குது. அடுத்த வாரம் வெறும் கஞ்சி குடிச்சிட்டு வாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆன்ட்டிக்கு வெளுத்ததும் பேய். அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் கஞ்சிதான். கொழுப்பின் வாசனை உள்ளே போய்விடக் கூடாதென்று மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வறுத்தார்.

இந்த முறை நீர் தெளிவாக வந்தது. நெருப்புக்கு அசராதவர், ஊசி இறங்கியபோது கூட வந்திருந்த ஆ தியாமின் சட்டைப் பையைப் பிய்த்து எடுத்துவிட்டார். முதல் நான்கு நாள் வலி கூடும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். வலி கூடியதும் கை போய்விட்டது என்றே ஆன்ட்டி முடிவுகட்டி அழுதார். ஆறு வாரம் சட்டுவத்தைத் தொடக் கூடாது. தினமும் காப்பிக்கடைக்கு வந்து, அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. இன்று கடை திறக்கும் முன்பே வந்துவிட்டார். ஆ தியாம் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கெங் ஆன்ட்டி வலக்கையால் சட்டுவத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினார். இடக்கையும் அதற்குக் கீழே, ஒரு விரற்கடை தள்ளி, தொடாமல் கூடவே எழுந்தது.