ஏழாங்கட்டையில் நான் போட்ட சரி

"9.8.1978, புதன். ஏழாங்கட்டைத் தோட்டப் பிரிவு. நேரில் கண்டேன். புதிய படமே சரி."

என் குறிப்பேட்டில், என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. இது பொய். நான் அங்கே போகவே இல்லை.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். எழுதும்போதே கதவுப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்... யார் வரப்போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

அப்போது நான் ஈப்போவில் ஒரு சீனர் நடத்திய புத்தகக் கடையில் குமாஸ்தா. எதையும் தேதியிட்டு எழுதிவைப்பவன்: தெருப் பெயர் மாறிய நாள், பாலம் திறந்த நாள், ரயில் தாமதம். அதனால்தான் எங்கள் முதலாளி, தவுக்கே, அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். இரண்டு நிறுவனங்கள் ஈப்போ வட்டாரத்துச் சாலைப் படங்களை விற்பனைக்கு அனுப்பியிருந்தன. மைல் கணக்கில் வரைந்தது பழையது. கிலோமீட்டர் கணக்கில் வரைந்தது புதியது. எது நம்பத் தகுந்தது என்று நான் சொன்னால், அதையே எதிரிலிருந்த டாக்சிக்காரர்களுக்கு விற்கலாம் என்றார்.

இரண்டையும் விரித்துத் தெருத்தெருவாக ஒப்பிட்டேன். பதினெட்டு இடங்களில் முரண்பாடு. பதினேழுக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் புதிய படமே வென்றது.

பதினெட்டாவது, ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குள் போகும் மண் பாதை; எங்கள் பேச்சில் சடக்கு. புதிய படத்தில் அது ஏழாம் எண் கல்லருகே பிரிந்தது. பழையதில் வெகுதூரம் தள்ளிப் பிரிந்தது. அந்த வழியெல்லாம் ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பக் குட்டைகள். கரை இடிந்து ஒரு மாட்டையே விழுங்கியதாகக் கேட்டிருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. போகாமலிருக்க அது போதுமான காரணமா? அன்று போதுமாயிருந்தது.

அந்த வாரம், அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பாக்கியம் அக்கா கடைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வந்தார். தோட்டத்துக்கு எங்கே திரும்புவது என்று கேட்டேன்.

"ஏழாங்கட்டையில திரும்பணும் தம்பி. கண்ண மூடிக்கிட்டு வரலாம்லா."

அக்காவும் ஏழு என்றார். புதிய படமும் ஏழு என்றது. எழுதிவிட்டேன்.

கட்டை என்றால் நம் ஆட்களுக்கு மைல் கல். அந்தச் சாலையில் பழைய கற்களைப் பிடுங்கிக் கிலோமீட்டர்க் கற்களை நட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கல் போனாலும் இடத்தின் பெயர் போகவில்லை. அக்கா சொன்னது பழைய ஏழு. நான் சரி போட்டது புதிய ஏழு. இடையே நான்கு கிலோமீட்டருக்கு மேல்! கல் மாற்றிய தேதிகூட என் குறிப்பேட்டில் இருக்கிறது. மறந்தேனா... மறக்க விரும்பினேனா?

மரியதாஸ் பீடோரிலிருந்து புதிதாக வந்த டாக்சி ஓட்டுநர். என் பேச்சை நம்பித்தான் அந்தப் படத்தை வாங்கினான். பெண்டாட்டி சொல்லும் வழியைக்கூட இப்படி நம்பியதில்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வான்.

மறு ஆண்டு நவம்பரில், மழை விட்ட ஒரு பிற்பகல். தோட்ட ஆபீசிலிருந்து டாக்சி நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. பாக்கியம் அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி. தோட்டத்து லாரி பழுது. மரியதாஸ் படத்தைப் பார்த்தபடி புதிய ஏழாம் கல்லில் திரும்பினான். அந்தப் பாதை லம்பத்து மணலில் போய் முடிந்தது. சக்கரங்கள் புதைந்தன. வண்டியை மீட்டு, வழி கேட்டு, அவன் தோட்டத்தை அடைய இரண்டு மணி நேரமாயிற்று. தாய் பிழைத்தாள். குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தது.

மறுநாள் காலை கடைக்கு வந்தான். காற்சட்டையில் சேறு காய்ந்திருந்தது. படத்தை மேசைமேல் விரித்தான்.

"அண்ணே, ரெண்டு படத்தையும் பாத்தது நீங்கதான். இந்தச் சடக்கு இங்க இருக்கா, இல்லியா?"

தவுக்கே பக்கத்தில் நின்றிருந்தார். வேலை போகும், போலீஸ் வரும், அக்கா வந்து என் முகத்தைப் பார்ப்பார்... எல்லாம் ஒரே கணத்தில் தெரிந்தது.

"படம் சரிதான். நீதான் கல்ல தப்பாப் பாத்திருப்ப."

அவன் என்னை நம்பினான்!

"அப்ப என் கண்ணுதான் அண்ணே," என்று படத்தை மடித்தான்.

அன்றே போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டானாம். ஆண்டு முடிவதற்குள் டாக்சியை விட்டுவிட்டுப் பீடோருக்கே திரும்பிவிட்டான். அக்கா அதன் பிறகும் கடைக்கு வருவார், அவனைத் திட்டுவார். நான் நோட்டுகளைக் கட்டிக்கொண்டே தலையாட்டுவேன். தலையாட்டினேன்... கேட்கிறீர்களா?

ஒரு சைக்கிளும் ஓர் அரை நாளும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தத் தூரத்தை அளந்துவிடலாம். அந்த அச்சத்தில்தான் ஆண்டுகள் போயின. யாராவது கடையில் படத்தை விரித்தால் நான் உள்ளே போய்விடுவேன். கடைசியில், தோட்டத்தை விற்றுப் பிரித்த பிறகு, 1986இல் நானே போய் அளந்தேன். தோட்டச் சடக்கு பிரிந்தது பதினொன்றேகால் கிலோமீட்டரில். வேறு யாரும் அளக்கவில்லை.

அடுத்த ஆண்டு காம்பாரில், அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு வைத்தியம் பார்த்த பழைய மருந்துக்காரரைச் சந்தித்தேன். தொலைபேசி செய்வதற்கு முன்பே, அன்று காலையிலேயே, குழந்தை அசைவதை நிறுத்திவிட்டது என்றார். எட்டு ஆண்டுக்கு முந்தைய நினைவு அது. அவருடைய பதிவேடு என்னவாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. உண்மையென்றாலும், மரியதாஸிடம் நான் சொன்னது பொய்தானே?

பாக்கியம் அக்காவின் மகள் ஈப்போவில்தான் இருக்கிறாள். அவளைக் கேட்டால் தெரிந்துவிடும். இரண்டு முறை அவள் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். அன்று காலை குழந்தை அசைந்ததா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.