வேப்பிலை கட்டிய மீன்குட்டை

காலை ஆறரைக்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், ஐந்து ரூபாய் டிக்கெட். மடியில் ஒரு தூக்குப்போசி, அதற்குள் ஐஸ்கட்டி நடுவே ஒரு கட்லா மீன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, கருவாடுங்களா?" என்றார். "வழக்குக்குப் போற சாட்சிங்க" என்றேன். மனுஷன் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

1995, ஆடி மாதம். என் மனைவி நூர்ஜஹானுக்கு ஆறு மாதம். ஆனைமலையில் மீன் வளர்க்கும் என் நண்பர் பழனிச்சாமி மூன்று மீன் கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டைக் குழம்பு வைத்து ருசித்துத் தின்றோம். மறுநாள் ஃபிரிட்ஜில் இருந்த மூன்றாவதை எடுத்துக் கழுவினால், செதிலுக்கடியில் நூல் நூலாகப் புழு! "வயித்துப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமா?" என்று அழ ஆரம்பித்தவள், அதன்பிறகு ஒரு வாய் சோறு இறக்கவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் வாந்தி.

பொள்ளாச்சியில் பஸ் மாறி, ஒன்பது மணிக்கு ஆனைமலை. வழியெல்லாம் தென்னந்தோப்பு. அதை ரசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? பழனிச்சாமியைக் கிழித்துத் தோரணம் கட்டுவதென்றே போனேன். போனால், அவர் குட்டையைச் சுற்றி வேப்பிலை கட்டிக்கொண்டிருக்கிறார்!

"மீனுக்கு அம்மை போட்டிருக்குதுங்க பாய். மேலெல்லாம் செவப்புச் செவப்பா இருக்குதுங்க. மஞ்சத்தண்ணி ஊத்திப்போட்டேன். ஆத்தா எறங்குற வரைக்கும் எங்க ஊட்ல கவுச்சி ஆகாதுங்களே, அதான் தழும்பில்லாததாப் பாத்து உங்களுக்குக் குடுத்துட்டேன்."

நன்றாயிருக்கிறது நியாயம்! போசியைத் திறந்து நீட்டினேன். புழுவைப் பார்த்ததும் கையிலிருந்த வேப்பிலையைக் கீழே போட்டார். "ஐயோ, அம்மணி மாசமா இருக்குதுங்களே!" செருப்புகூடப் போடாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தார். அரைமணியில் மீன்துறை ஆய்வாளர் அம்மாவோடு திரும்பினார்.

அந்த அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அம்மையாவது ஒண்ணாவது! இது மீன் மேல ஒட்டி ரத்தம் குடிக்கிற புழு. அது கடிச்ச இடந்தான் செவப்பு. மனுஷ உடம்புல இது பொழைக்காதுங்க. வேற சில புழு சதைக்குள்ள இருக்கும், அரைவேக்காட்டுல தின்னா அதுதான் ஆபத்து. நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?"

"புளி விட்டு, எண்ணெய் பிரியற வரைக்கும் தளதளன்னு கொதிக்க வெச்சுங்க."

"அந்தக் கொதியில எந்தப் புழுவும் தப்பாதுங்க. வேணும்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, மனசு தெளியும்."

யா அல்லாஹ்! கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பழனிச்சாமியும் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்தே போச்சு. "இனிமே மீனுக்குக் காய்ச்சல்னாலும் முதல்ல இந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். "கண்டிப்பாங்க பாய்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்ப பஸ் ஏறுமுன் எஸ்டிடி பூத்திலிருந்து பக்கத்து வீட்டு போனுக்கு அடித்து, நூர்ஜஹானைக் கூப்பிடச் சொன்னேன். ஆய்வாளர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள். "எனக்குப் பசிக்குது."