மச்சான் படகுக்கு நான் வைத்த ரிசீவர்

என் மனைவியின் அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியபோது, ஏதாவது பேங்க்கில் காவலுக்குப் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மச்சான் மாடியில் உட்கார்ந்து படகு செய்ய ஆரம்பித்தார். கை நீளத்துக்கு, ரிமோட்டில் ஓடுகிற ஒரு பொம்மை இழுவைப் படகு. பிளைவுட்டை அறுத்து, வளைத்து, ரெசின் பூசி, தேய்த்து, திரும்பப் பூசி, வருஷம் முழுக்க அதே வேலை. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குறிப்பாக அவருடைய சித்தப்பா. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "என்னலே, கப்பப்படையில சேந்துட்டியாமே?" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

மச்சான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "காணும் பொங்கலுக்கு வன்னியம்பட்டிக் கண்மாய்க்கு எல்லாரும் வாங்க சித்தப்பா. ஓடுதா முங்குதான்னு பாத்துட்டுப் பொறவு பேசுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். "எலெக்ட்ரிக்கல் சமாச்சாரத்த எங்கிட்ட விட்ருங்க மச்சான்." எங்கள் ராஜபாளையம் வீட்டுக் காலிங் பெல்லை ஒருமுறை நானே மாற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து பெல்லை அழுத்தினால் மாடி லைட் எரிகிறது. இந்த அனுபவத்தை நம்பி ஒரு மனிதர் தன் ஒரு வருஷ உழைப்பையும் மானத்தையும் என்னிடம் கொடுத்தார்.

ரிமோட் அவரிடம் இருந்தது. ரிசீவர்தான் வேண்டும். ரிமோட் சொல்வதைக் காற்றில் கேட்டு, மோட்டாருக்கும் சுக்கானுக்கும் எடுத்துச் சொல்கிற தீப்பெட்டி அளவுப் பொருள். எந்த ரிசீவரும் எந்த ரிமோட்டோடும் சேரும் என்று நினைத்து, பார்க்க அழகாக இருந்த ஒன்றை வரவழைத்தேன். இரண்டையும் மேஜைமேல் வைத்தோம். ஜாதகம் பொருந்தாத இரண்டு வீட்டார் மாதிரி, ஒன்றை ஒன்று பார்க்கக்கூட இல்லை. பிறகு ரிமோட்டின் கம்பெனியிலேயே ஒன்று வாங்கினேன். அதில் பத்து சேனல்.

"எதுக்கு மாப்ளே பத்து? மோட்டாருக்கு ஒண்ணு, சுக்கானுக்கு ஒண்ணு. மிச்சத்துல என்ன, ஆடு மாடு கட்டவா?"

"பின்னால ஒதவும் மச்சான். ஹாரன் வைக்கலாம்."

"கண்மாயில யாருக்கு ஹாரன் அடிக்க? கொக்குக்கா?"

பொங்கலுக்கு முன்பு படகு என் வீட்டுக்கு வந்தது. கனமில்லாத ரிசீவரைக் கனமான இடத்தில் வைத்தால் படகு ஆடாது என்று எனக்கே உரிய விஞ்ஞானத்தில் தோன்றியதால், அதை அடித்தளத்தில், மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆன்டெனா வயர்கள் இரண்டும் மீசை மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. பார்க்க நன்றாக இல்லை. சுருட்டி டேப் போட்டேன். சிக்னல் போய்விட்டால் மோட்டாரை நிறுத்து என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் நான் போகவில்லை. ரிசீவரைப் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். சிரிப்பு வந்தது. நம்மிடம் இல்லாத துணியா?

நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில். வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தத் துணிதான். டீ வடிகட்டுவதும் அதில்தான், ஃபேன் துடைப்பதும் அதில்தான். ரிசீவரையும் அதிலேயே நாலு சுற்று சுற்றி, பிறந்த பிள்ளையைப் படுக்க வைப்பது போல வைத்து மூடினேன்.

காணும் பொங்கலன்று கண்மாய் நிறையத் தண்ணீர், கரை நிறையச் சொந்தம். சித்தப்பா நாற்காலியே கொண்டுவந்திருந்தார். மச்சான் சாமி கும்பிட்டுவிட்டுப் படகை இறக்கினார். ஓடியது! இடதுபக்கம் திரும்பியது, வலதுபக்கம் திரும்பியது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

செத்த நேரம்தான். மச்சான் ரிமோட்டைத் திருப்புகிறார், படகு திரும்பவில்லை. மோட்டாரை நிறுத்துகிறார், நிற்கவில்லை. நேராக, முழு வேகத்தில், எதிர்க்கரையைப் பார்த்து ஒரே ஓட்டம்.

"எங்கலே போவுது? கொச்சிக்கா?" என்றார் சித்தப்பா.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். நல்லவேளை, படகு ஆகாயத்தாமரைக் கூட்டத்தில் புகுந்து, வேரில் சிக்கி நின்றது. மார்பளவுத் தண்ணீரில் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவர் வந்த தோரணையைப் பார்த்தபோது, எனக்கு பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

மூடியைத் திறந்தோம். மோட்டார் தண்டு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்திருந்தது. ஒரு டம்ளர்கூட இருக்காது. ஆனால் படகின் தரை காய்ந்து கிடந்தது. அவ்வளவு தண்ணீரும் ரிசீவரைச் சுற்றிய துணியில் இருந்தது. என் மனைவி அதை எடுத்துப் பிழிந்தாள்.

"என்னங்க, ஒங்க கம்பெனியில ஒங்களுக்கு என்ன வேல?"

"துணி தண்ணிய நல்லா இழுக்குதான்னு பாக்குறது."

"நல்லா இழுக்குதுங்க."

முதலில் சிரித்தது மச்சான்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டுப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ஓடலன்னா பொறவு ஓடி என்னத்துக்கு மாப்ளே" என்றார் மெதுவாக. அது சிரிப்பை விட மோசமாக இருந்தது.

ரிசீவரை உதறி, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த பைக் சீட்டில் காயப்போட்டேன். காணும் பொங்கல் கூட்டத்தை நம்பி வந்திருந்த பலூன்காரரிடம் ஒரு சிவப்புப் பலூனும், இளநீர்க் கடையில் இரண்டு ஸ்ட்ராவும் வாங்கினேன். காய்ந்ததும் மாட்டிப் பார்த்தேன், ரிசீவர் உயிரோடு இருந்தது. பலூனுக்குள் போட்டு, வாயை வயரோடு சேர்த்து ரப்பர் பேண்டால் இறுக்கி, மேலே கேபின் கூரைக்கடியில் ஒட்டினேன். ஆன்டெனா இரண்டையும் ஸ்ட்ராவுக்குள் விட்டு, கூரைக்கு வெளியே நிமிர்த்தி வைத்தேன். தண்டில் கிரீஸ் அடைத்தேன். கடைசியாக, போனில் கையேட்டின் அந்தப் பக்கத்துக்குப் போனேன். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று கரையிலேயே பார்த்தேன். நின்றது. திரும்பத் திரும்ப அணைத்துப் பார்த்தேன். "போதும், அதையும் கெடுத்துராதீங்க" என்று மனைவி ரிமோட்டைப் பிடுங்கி அண்ணனிடம் கொடுத்தாள்.

படகு கண்மாயின் நடுவரைக்கும் போனது, கொக்குகளைச் சுற்றியது, மச்சானின் காலடிக்கே வந்து நின்றது. சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இங்க கொண்டாலே, ஒரு ரவுண்டு பாப்போம்."

"வரிசையில வாங்க சித்தப்பா. மொதல்ல எந்தங்கச்சி."

வரிசை நீண்டது. எல்லாருக்கும் பின்னால் போய் நானும் நின்றேன். சாயங்காலம் என் முறை வந்தபோது மச்சான் ரிமோட்டை என்னிடம் கொடுத்தார். கொடுத்தார் என்றால், என் கையில் வைத்துவிட்டுத் தன் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே ஓட்டினோம். சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது.