கூண்டின் இடது கால்

ரப்பர் கருகும் வாசம். ஷார்ஜா தொழிற்பேட்டை ரவுண்டானாவில் ஏதாவது ஒரு லாரிக்காரன் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தால் போதும், அது எழுந்து எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் வந்துவிடும். கவுன்டரில் நிற்பேன், ஆனால் அங்கே இருக்க மாட்டேன். பாலைவனத்தின் நடுவே கறுப்பாக வளைந்து கிடக்கும் அந்தப் பந்தயச் சாலைக்குப் போயிருப்பேன்.

ஆறு வருடமாக அந்தப் பந்தயத்தின் ரசிகன் நான். பூச்சி போல் ஒடுங்கிய ஒற்றை ஆள் வண்டிகள் அல்ல. தெருவில் டாக்சியாக ஓடுகிற அதே நான்கு கதவுக் கார்கள். உள்ளே இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கார் புரண்டாலும் ஆள் நசுங்காதபடி இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டியிருப்பார்கள். அப்புறம் அந்தச் சத்தம். அது காதில் கேட்பதில்லை, நெஞ்செலும்பில் கேட்கும். வாரம் முழுக்க நின்ற இடத்தில் நின்று அடுத்தவர் வண்டிக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பவனுக்கு, தன்னைக் கடந்து எதுவோ பறக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் அறையில் இருந்த பாய் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு கராஜில் டென்டர். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துவது, வெல்டிங் அடிப்பது அவர் வேலை. அவருடைய அரபாபின், அதாவது அரபி முதலாளியின், மகன்தான் அந்த வருடம் சாம்பியன்ஷிப்பில் முன்னால் நின்றான். கடைசிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாலே பட்டம் அவனுக்கு. வியாழக்கிழமை பயிற்சியில் கார் சுவரில் இடித்து, கூண்டின் இடது கால் மடங்கிவிட்டது. வெள்ளி, லீவு நாளிலும் பாய் கராஜுக்குப் போனார். மடங்கியதை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் வைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை நான் கடையில் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நம்ம கை வச்ச வண்டி ஓடி நான் பாத்ததே இல்லடா தம்பி" என்றார் பஸ்ஸில். "ஓட்டிட்டுப் போவானுங்க. முதுகத்தான் பாப்பேன்."

"இன்னிக்கி மூஞ்சியப் பாருங்க. சாம்பியன் மூஞ்சி."

"ஒன் வாய்க்குச் சக்கர போடணும். சாயாவும் வாங்கித் தா."

சிமென்ட் படிக்கட்டில் மேலே, நிழல் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். பந்தயம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்த சிறிய தொழுகை அறையிலிருந்து மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. சமோசாவைக் கடிக்கப் போன பாய் அதைக் காகிதத்திலேயே வைத்துவிட்டார். முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

வெல்டிங்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் நாலு இடத்தில் புள்ளி வைத்து இரும்பை நிறுத்துவார்கள். கோணம் சரியென்று கண்ட பிறகுதான் சுற்றிலும் முழுசாக அடிப்பார்கள். பாய்க்குத் தனியாக ஒரு வழக்கமும் இருந்தது. பாங்கு சொன்னால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார், வேலை பாதியில் நின்றாலும்.

"தம்பி, புள்ளி வச்சது நெனவிருக்கு. ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னது நெனவிருக்கு. நடுவுல ஒண்ணும் நெனவுல இல்ல."

"புரியல பாய்."

"முழுசா அடிச்சுட்டுப் போனேனா, புள்ளியோட போயிட்டேனான்னு தெரியலடா. தொழுதுட்டு வந்து பாத்தா பெயின்டர் கறுப்பு அடிச்சு முடிச்சிருந்தான். பளபளன்னு நின்னுச்சு. அரபாப் யல்லா யல்லான்னு அவசரப்படுத்துறாரு. ஏத்தி அனுப்பிட்டோம்."

புள்ளியில் மட்டும் நிற்கும் கூண்டு, கார் புரண்டால் தீப்பெட்டி. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்: "அடிச்சிருப்பீங்க பாய். இத்தன வருச கை. பேசாம இருங்க. இப்பப் போயிச் சொன்னா வண்டிய நிறுத்திடுவானுங்க. பட்டம் போச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. யாரோ தெரியாதவனிடம் பேசிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டுகொண்டவர் போல் பார்த்தார். எழுந்து படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

கார்கள் நிற்கும் கொட்டகைக்கு முன்னால் கம்பி வலை, வலையில் ஒரு கேட், கேட்டில் ஒரு காவலாளி.

"பாஸ் மாஃபி, என்ட்ரி மாஃபி. பீச்சே ஜாவ், பாய்." பாஸ் இல்லை, உள்ளே விட முடியாது, திரும்பிப் போ என்றான்.

பாய் வலையைப் பிடித்துக்கொண்டு, "அரபாப்! அரபாப்!" என்று கத்தினார். அந்தக் குரலை நான் அறையில் ஒரு நாளும் கேட்டதில்லை. வெள்ளை உடுப்பில் அரபாப் வந்தார். பாய்க்குத் தெரிந்த அரபி கராஜ் அரபி. கைகளைக் கூண்டுபோல் வளைத்துக் காட்டி, "வெல்டிங்... ஃபுல் மாஃபி... மும்கின்" என்றார். முழு வெல்டிங் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அரபாபின் தாடை இறுகியது. "மும்கின்?" என்று அவர் திருப்பிக் கேட்டதில் எங்கள் அறை, பாயின் விசா, அவர் ஊரில் பாதி எழும்பி நிற்கும் வீடு எல்லாம் அடங்கியிருந்தன. ஹெல்மெட்டோடு பின்னால் வந்த மகன் அதைக் கேட்டுவிட்டான். காவலாளியிடம் கேட்டைத் திறக்கச் சொன்னது அவன்தான்.

பாய் உள்ளே போனார். நான் வலைக்கு வெளியே நின்றேன். பரிசோதகர் ஒருவர் காருக்குள் குனிந்து பெயின்டைச் சுரண்டினார். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறி வரிசையில் போய் நின்றன. சுரண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பாயைக் கூப்பிட்டு விளக்கடித்துக் காட்டினார்.

முழுசாகத்தான் அடித்திருந்தார். சுற்றிலும், ஒரு இடம் விடாமல், மீன் செதில் அடுக்கியது போல். மனம் தொழுகைக்குக் கிளம்பிய பிறகும் கை நின்று வேலையை முடித்திருக்கிறது. பாய் அதைத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

வரிசையில் நிற்கும் நேரம் முடிந்துவிட்டிருந்தது. எல்லோரும் புறப்பட்ட பிறகு, அரபாபின் மகன் கடைசி ஆளாக, கொட்டகையிலிருந்தே கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் ஓட்டியதைப் போல் ஒருவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. வளைவுக்கு வளைவு ஒருவரை விழுங்கினான். மணல் தெறித்தது. நான் கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் பாய் இருப்பதையே மறந்து கத்தினேன். நான்காவதாக வந்தான். மூன்றாவது காருக்கும் அவனுக்கும் இடையில் ஒரு கதவின் நீளம்.

அவன் இறங்கி, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனான். எங்களைப் பார்க்கவில்லை. அரபாப் பார்த்தார். "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்த மாதமே பாயின் விசா கேன்சல் ஆனது.

விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி வைத்தேன். கயிற்றால் கட்டி, நான்கு பக்கமும் ஊர்ப் பெயர் எழுதிய பெட்டி.

"பேசாம இருங்கன்னு சொன்னேன் பாய்."

"சொன்ன."

"நீங்க பேசாம இருந்திருந்தா..."

"வேல இருந்திருக்கும். அவனும் ஜெயிச்சிருப்பான். நான் அந்தப் படியில ஒக்காந்து செத்திருப்பேன்." பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். "அடுத்த வருசம் போவியா?"

"தெரியல பாய். போகப் பிடிக்கல."

"போ. போயி, அந்தப் பய வண்டிய விட்டு நல்லபடியா எறங்கிட்டான்னு எனக்கொரு போன் அடி. எத்தனாவது வந்தாங்கிறதெல்லாம் அப்பறம் சொல்லு."