மெல்லிசு போதும் என்றார்

லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. ஏசி, ஹீட் பம்ப் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். கணக்கும் சாமான் வாங்குவதும் என் பொறுப்பு. வேலை என் கணவருடையது. யார் போன் செய்தாலும், "நான் வர்றேன், விடுங்க" என்பார். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கை சோர்ந்துபோன பிறகு போன் அடித்தால் என் பக்கம் தள்ளிவிடுவார்.

ஆஸ்டின் டவுனில் ஒரு பெண்கள் விடுதிக்கு வெந்நீர் ஹீட் பம்ப் மாட்டும் வேலை வந்தது. அவரைக் கேட்காமலே ஒப்புக்கொண்டேன். இப்படியே உட்கார்ந்திருந்தால் மனுஷர் உள்ளுக்குள்ளேயே கரைந்துபோவார் என்று பயமாக இருந்தது.

மெஷினின் கேஸ் ஓடுகிற காப்பர் பைப் வாங்க இருவரும் போனோம். கடைக்காரர் இரண்டு சுருள் எடுத்து வைத்தார். வெளி அளவு ஒன்றுதான்; ஒன்றின் சுவர் மெல்லிசு, மற்றது தடிப்பு. இப்போது வரும் கேஸுக்கு அழுத்தம் அதிகம், மெல்லிசு தாங்காது. யார் எவ்வளவு பேரம் பேசினாலும் என் கணவர் தடிப்பிலிருந்து இறங்கியதே இல்லை.

அன்று மெல்லிய சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதே போதும்மா. அது வளையாது."

பைப்பை வளைக்கும் பெண்டருக்கு இரண்டு கைப்பிடி. இரண்டு கையிலும் பலம் வேண்டும். எதற்காக மெல்லிசைக் கேட்கிறார் என்று புரிந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

"உங்க கையைப் பாத்து கேஸ் பிரஷரைக் குறைச்சுக்குமா? அந்தப் பொண்ணுங்க தலைக்கு மேல ஓடப்போற லைன் இது."

தடிப்பையே கட்டச் சொன்னேன். ஆட்டோவில் சுருள் எங்கள் நடுவில் உட்கார்ந்து வந்தது.

விடுதி மொட்டைமாடியில் அளந்து கோடு போட்டார். பைப்பைப் பெண்டரில் பொருத்தி இழுத்தார். இடது கைப்பிடி நழுவியது. இன்னொரு தடவையும் நழுவியது.

"வேற ஆளைக் கூப்பிடு."

முந்தானையைச் செருகிக்கொண்டு அந்தக் கைப்பிடியை நான் இறுகப் பிடித்தேன். "கூப்பிட்டாச்சு. இழுங்க."

வலது கையால் இழுத்தார். பைப் நசுங்காமல் மெதுவாக வளைந்தது. அவருடைய இடது கை வந்து என் கைமேல் உட்கார்ந்தது. அதில் பலமே இல்லை. அந்தக் கைச்சூட்டுக்காக எத்தனை பைப் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று இருந்தது எனக்கு.

வேலை முடிந்ததும் கசிவு பார்க்க பைப்பில் நைட்ரஜன் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் மீட்டர் முள் வைத்த இடத்திலேயே நின்றது. எங்கும் கசிவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒக்கலிபுரத்திலிருந்து யாரோ, ஏசி வேலைக்கு. என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"வர்றோம், விடுங்க," என்றார். "நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."