கண்ணைக் கட்டிப் பிரித்த தக்காளி

அன்றைக்கு மண்டியின் பின்னறையில் இருந்தவர்கள்: மண்டி முதலாளி. விவசாயக் கல்லூரியிலிருந்து வந்த ஐயா. என் மனைவியின் அண்ணன். அவர்தான் எனக்கு மச்சான், அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர். கூடை சுமக்கும் அக்கா. நான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. திண்டுக்கல்லில் தக்காளி மண்டி. செம்பட்டிப் பக்கமிருந்து மாட்டு வண்டியில் சரக்கு வரும். நானும் மச்சானும் தரம் பிரிப்போம். காய் மெட்ராஸ் லாரிக்கு. பாதி பழுத்த செங்காய் மதுரைக்கு. பழம் உள்ளூருக்கு. மெட்ராஸ் கூடையில் ஒரு பழம் விழுந்தால் போதும், போய்ச் சேரும்போது கூடையே நாறியிருக்கும்.

அதற்கு முன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கினேன். கால் வெந்து தோல் உரிந்தது. மண்டி இல்லையென்றால் எனக்கு அந்தக் குழிதான்.

ஐயா முதலாளிக்குப் பழுத்த பதம் பார்க்கும் புது முறை காட்ட வந்தார். காயின் தோலை அரைத்து ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். பழத்தின் தோலை இன்னொன்றில். பின்னறை பகலிலும் இருட்டு. கதவைச் சாத்தி, ஊதா விளக்கு ஒன்றைப் போட்டார்.

“ஆத்தி! ரத்தமால்ல இருக்கு!” என்றார் அக்கா.

“பச்சத் தண்ணி எப்படிய்யா செவந்துச்சு?” என்றார் முதலாளி.

“காயில பச்சையம் இருக்கு. இந்த வெளிச்சம் பட்டா அது சிவப்பா ஒளிரும். பழுக்கப் பழுக்கப் பச்சையம் போயிடும், ஒளியும் மங்கிடும்” என்றார் ஐயா. பழத்தின் சிவப்பு வேறு சாயமாம். அது இப்படி ஒளிராதாம்.

என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. எந்தக் குழாய் சிவப்பு?”

எனக்கு இரண்டும் கறுப்பு. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டேன். அது பழக் குழாய்.

மச்சான் சிரித்தார். “மாப்ள, கண்ணுல என்ன கோழிப்பீயா ஒட்டியிருக்கு?”

ஐயா சிரிக்கவில்லை. கதவைத் திறந்தார். பச்சையிலிருந்து சிவப்பு வரை பட்டை பட்டையாக வண்ணம் அடித்த அட்டை ஒன்றை நீட்டினார். கையில் ஒரு பழத்தைக் கொடுத்து, இதற்கு எந்தப் பட்டை என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

பிறந்ததிலிருந்து அப்படித்தான். பச்சையும் சிவப்பும் எனக்கு ஒரே மங்கல். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“ஏலே, அப்ப இம்புட்டு நாளும் எப்படிப் பிரிச்ச?” என்றார் முதலாளி.

“கையால, மொதலாளி.”

“கண்ணு தெரியாதவன்கிட்டயா மெட்ராஸ் லோடக் குடுத்தேன்! நீ தெரிஞ்சுதான் கூட்டியாந்தியா?” இது மச்சானிடம்.

மச்சான் இல்லையென்று தலையாட்டினார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

ஐயா ஒரு பெட்டியைத் திறந்தார். பழத்தை அதன் வாயில் வைத்தால், தோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து முள் நகரும். முள் எந்த எண்ணில் நின்றால் காய், எதில் நின்றால் பழம் என்று கணக்கு உண்டு. “நூறு எண்ணி வைங்க. இவர் பிரிக்கட்டும். முள்ளு சொல்லட்டும்” என்றார்.

“நூத்துக்குத் தொண்ணூறு சரியா வந்தா இரு. இல்லையா, நாளைக்கு வர வேணாம்” என்றார் முதலாளி. “கண்ணக் கட்டுங்கடா. தடவித்தான் பிரிக்கிறானான்னு பாப்போம்.”

மச்சான் தன் துண்டால் கட்டினார். “கட்டாட்டியும் உனக்கு ஒண்ணுதான மாப்ள” என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

அக்கா மூன்று கூடைகளை என்னைச் சுற்றி வைத்தார். காயில் காம்பு இறுகிப் பிடித்திருக்கும். செங்காயில் பெருவிரலால் நெம்பினால் அசையும். பழத்தில் தொட்டாலே கழலும். காயின் தோல் கையில் இழுபடும், பழத்தின் தோல் வழுக்கும். வாசனையும் வேறு வேறு. சந்தேகம் வந்தால் மூக்கருகே கொண்டுபோவேன். எப்போதும் செய்ததைத்தான் செய்தேன். நடுவில் நிறுத்தி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

கட்டை அவிழ்த்தபோது வெளிச்சம் கூசியது. ஐயா கூடை கூடையாக ஒவ்வொன்றையும் பெட்டியில் வைத்தார். சரியாக இருந்ததை மச்சான் எண்ணினார். மண்டியில் ஒன்று என்று சொல்ல மாட்டோம்.

“லாபம். ரெண்டு. மூணு.”

முதல் தவறு காய்க் கூடையில் வரவில்லை. பழக் கூடையில் வந்தது. வெயில் பட்டு ஒரு பக்கம் வெந்த காய் அது. கைக்குப் பழமாகவே இருந்தது. ஐயா அதைத் தனியே வைத்தார். பிறகு செங்காயில் இரண்டு. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வேலைக்குப் போகாமல் கதவருகே நின்றார்.

ஐம்பதுக்கு மேல் மச்சான் நிதானமாக எண்ணினார். தனியே வைத்தவை ஆறாயின. ஏழாயின. நான் என் காலைப் பார்த்தேன். சுண்ணாம்புத் தழும்பு அப்படியே இருந்தது.

ஐயா கடைசித் தக்காளியைப் பெட்டியில் வைத்தார். முள் நின்றது. தலையசைத்தார். மச்சான் எண்ணினார்.

தொண்ணூற்று மூன்று.