பாதி மலையில் இளைப்பாறிய றெஜினா அக்கா

இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில், ஏணியில் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் தொலைபேசியில் அழைத்து, எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். ஏணியில் என்றேன். "இறங்கி இரு. பிறகு சொல்லுறன்," என்றார். இறங்கிக் கதிரையில் இருந்தேன். றெஜினா அக்கா காலையில் காலமாகிவிட்டார் என்றார். பல மாதங்களாகப் படுக்கையில் கிடந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அந்தத் திரைச்சீலையை அன்று என்னால் மாட்ட முடியவில்லை. வீட்டுக்காரச் சிஞோரா என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்தவர். பலேர்மோவில் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். கணவர் அருளப்பு அண்ணையோடு போர்கோ வெக்கியோ பகுதியில் குடியிருந்தார். வயதானவர்களைப் பராமரிப்பது அவருடைய வேலை. வந்த புதிதில் அவரும் எங்களைப் போல மாடாய் உழைத்தவர்தான். வேலை வீட்டில் உட்கார்ந்தால் களவெடுத்த மாதிரி என்று நினைத்திருந்தாராம். ஒருநாள் படி துடைக்கும்போது கால் மடிந்து அங்கேயே இருந்துவிட்டார். எழும்ப முடியவில்லை. "அந்தக் கிழவியைப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம். அவ எனக்குக் கதிரை தூக்கிக்கொண்டு வந்தா," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு அவருக்குக் கண் வேறு மாதிரித் திறந்துகொண்டது.

களைப்பு எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கறிக்கு இரண்டாம் முறை உப்புப் போடுகிறவள், இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போகிறவள், சின்ன விஷயத்துக்குப் பிள்ளையின் மேல் சீறி விழுகிறவள் எல்லோரையும் பார்த்து வைத்திருப்பார். ஒரு பெண் தன் கணவனைப் பற்றி அவரிடம் மூச்சு விடாமல் முறையிட்டாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு அவனில கோவமில்லை பிள்ளை. உனக்கு நித்திரை காணாது. போய்ப் படு," என்றார். அவளும் போய்ப் படுத்தாள். அடுத்த வாரம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பூசைக்கு வந்தார்கள்.

எனக்கு அவர் செய்ததைச் சொல்லாமல் இந்த அஞ்சலி முடியாது. பெல்லெக்ரினோ மலைமேல் ஒரு புனிதையின் குகைக்கோயில் இருக்கிறது. சைவர்களாகிய நாங்களும் அங்கே நேர்த்தி வைப்போம். ஊரில் மடுக் கோயில் மாதாவிடம் போகாத சைவர் உண்டா? ஆனால் எங்கள் ஆட்கள் அதற்கென்று ஒரு சட்டத்தைத் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள். வெறுங்காலோடு, சாப்பிடாமல், இடையில் எங்கும் உட்கார்ந்து இருக்காமல் ஏற வேண்டும். இருந்தால் நேர்த்தி பலிக்காதாம். பலேர்மோக்காரர்களோ வழிநெடுக இருந்து பாண் தின்றுகொண்டுதான் ஏறுவார்கள்.

எனக்கு ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருந்தது. மறுபடி உண்டானபோது, இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று நேர்த்தி வைத்தேன். காலையில் வேலைக்குப் போய்விட்டு, வெறும் வயிற்றோடு நேரே மலையடிவாரத்துக்கு வந்தேன். அக்காவும் வந்திருந்தார். மகள் ஜெனிற்றா ஊரில் தனித்துக் கிடந்தாள். அவளுக்கு விசா கிடைக்க வேண்டும் என்பது அவருடைய நேர்த்தி.

பாதி மலையில் அக்கா நின்றார். "சுமதி, நீ கதைக்கிறதை விட்டுக் கனநேரமாச்சு. நீ வாய் மூடினால் எனக்குப் பயம்," என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். என் கை பாதையோர மதிலைப் பிடித்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். நான் இருக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். அவர் அதற்குமேல் வாதாடவில்லை. வழியோரக் கல்லில் தானே போய் இருந்தார்.

"நான் இருந்திட்டன். என்ரை நேர்த்தி போச்சு. இனி நீ நிண்டு என்ன செய்யப்போறாய்? இரு பிள்ளை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனிற்றாவின் விசா என்று திக்கினேன். "பிள்ளையைத் தாறவ, பிள்ளை சுமக்கிறவளை இருக்காமல் ஏறி வா எண்டு கேப்பாவே?" என்று சொல்லி, தன் பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தந்தார். பிறகு இருவரும் பேருந்தில் ஏறித்தான் கோயிலுக்குப் போனோம்.

என் மகள் சுகமாகப் பிறந்தாள். ஜெனிற்றாவின் விசா இழுபட்டுக்கொண்டே போனது. அக்கா மலையில் இருந்ததால்தான் என்று வாய்கூசாமல் சொன்னவர்களும் உண்டு. அது அக்காவின் காதுக்கும் போனது. அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை. "பிந்தினால் பிந்தட்டும். என்ரை பிள்ளைக்குப் பொறுக்கத் தெரியும்," என்றார். ஜெனிற்றா வந்து சேர்ந்த அன்று விமானநிலையத்தில் அக்கா அழுத அழுகையைப் பார்த்தபோதுதான், அந்தக் கல்லில் அவர் எதை இறக்கி வைத்துவிட்டு எனக்காக இருந்தார் என்பது எனக்கு விளங்கியது.

அந்த ஜெனிற்றாதான் கடைசிவரை தாயைப் பார்த்தாள். நகரின் மறுபுறம் பிரான்காச்சோவில் வேலை, வந்தால் தாய்க்குப் பணிவிடை. அக்கா கட்டிலில் கிடந்தபடியே அவளைப் படு, படு என்று விரட்டுவார். அவளுக்குப் படுக்க நேரம் எங்கே இருந்தது?

அடக்கத்தன்று பெட்டியை வீட்டில் வைத்திருந்தார்கள். பெட்டி எடுக்கும்வரை மகள் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது எங்கள் முறை. அவளும் நின்றாள். துக்கம் விசாரித்த இத்தாலியப் பெண்மணிக்கு அவள் தமிழில் மறுமொழி சொன்னதைக் கவனித்தேன். அவளே அதை அறியவில்லை. தோளைப் பிடித்து, தாயின் தலைமாட்டில் இருத்தினேன். இருந்த கொஞ்ச நேரத்திலேயே பெட்டியின் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். சனம் என்ன சொல்லும், எழுப்புங்கோ என்று ஒரு உறவுக்காரர் முணுமுணுத்தார்.

அக்காவின் கணவர் அருளப்பு அண்ணை நிமிர்ந்தார். "விடுங்கோ. தாயோட படுத்திருக்கிறாள்," என்றார்.

செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். யாரோ எழுந்து சன்னலைச் சாத்தினார். அந்த வீடு நிறைய நின்ற நாங்கள் ஒருவர்பின் ஒருவராக, கிடைத்த இடத்தில் மெல்ல இருந்தோம்.

சத்தமில்லாமல் போய்வாருங்கள், அக்கா. பிள்ளை நித்திரை.